கோயில் மண்டபத்துக்கான உடல்திறன் சோதனைக் கருவி: பெட்டியா, சைக்கிளா, ட்ரெட்மில்லா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் மாதந்தோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொல்லும் தொண்டர் குழு ஒன்று இப்படிக் கேட்டிருக்கிறது: "வருபவர்களின் இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதையும் அளந்து சொல்ல விரும்புகிறோம். ட்ரெட்மில் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. எங்களில் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சோதனைக்கான சைக்கிளை நாங்களே மலிவாகச் செய்துகொள்ளலாமா? அது காட்டும் எண்ணை நம்பலாமா?"

செய்துகொள்ளலாம், நம்பவும் செய்யலாம். ஆனால் சைக்கிளுக்கு முன்பு மரத்தில் ஒரு படிப்பெட்டி செய்யுங்கள். ட்ரெட்மில் ஆசையை விட்டுவிடுங்கள். உடற்பயிற்சிச் சோதனையையே தொழிலாகக் கொண்ட பயோகைனெட்டிசிஸ்ட் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: சோதிக்கப்படுபவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பலகையும் கருவிதான். தெரியாவிட்டால், திரையில் பத்து எண்கள் ஒளிரும் உடற்பயிற்சிக்கூடத்துச் சைக்கிளும் சோதனைக் கருவி ஆகாது.

அளக்கப்படுவது என்ன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடும் உழைப்பின் உச்சத்தில் ஒருவரின் உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறதோ, அதுவே அவருடைய இதய-நுரையீரல் தாங்குதிறனின் அளவு. ஏ. வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் 1923இல் இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று அதைச் சொல்வது வழக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் 3.5 மில்லிலிட்டரை ஒரு 'மெட்' என்று கொள்கிறோம். அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, இரத்த அழுத்தத்தைப் போலவே இதையும் மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்க வேண்டிய ஓர் உயிர்க்குறியாகக் கருதலாம் என்று வாதிட்டது. சர்க்கரையும் இதயநோயும் மலிந்த டர்பன் இந்தியக் குடும்பங்களுக்கு இது பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முகமூடி மாட்டி மூச்சுக்காற்றைப் பகுத்துப் பார்ப்பதே நேரடி அளவீடு. அந்த இயந்திரத்தின் விலையும், ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் வாயு உருளைகளும், பழகிய ஆளும் மண்டபத்துக்கு ஒத்துவராதவை. ஆகவே மறைமுக வழியில் போகிறோம். மிதமான உழைப்பில், வேலை கூடக்கூட ஆக்சிஜன் செலவும் நாடித்துடிப்பும் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுகின்றன. தெரிந்த இரண்டு மூன்று வேலை அளவுகளில் துடிப்பை அளந்து, அந்தக் கோட்டை அவருடைய வயதுக்குரிய உச்சத் துடிப்புவரை நீட்டினால், உச்ச ஆக்சிஜன் அளவு கணக்கில் வந்துவிடும். யாரையும் மூச்சிரைத்து விழும்வரை விரட்ட வேண்டியதில்லை என்பது இதில் உள்ள பெரிய வசதி.

இனி பெட்டி. படியில் ஏறும்போது உடலின் எடையைப் புவியீர்ப்புக்கு எதிராக ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்குகிறோம். உயரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளலாம், வேகத்தைச் சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் கட்டுப்படுத்தும், புவியீர்ப்பை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 செ.மீ உயரப் படியில் நிமிடத்துக்கு 24 முறை ஏறினால், ஏறுவதற்கு மட்டும் அவர் செலுத்தும் திறன் சுமார் 82 வாட். இதைச் சொல்ல ஒரு மின்கம்பிகூடத் தேவைப்படவில்லை.

1943இல் வெளியான ஹார்வர்டு படிச் சோதனையில் படியின் உயரம் 20 அங்குலம், வேகம் நிமிடத்துக்கு 30 முறை, நேரம் ஐந்து நிமிடம். இளம் ஆண்களை மனத்தில் வைத்துச் செய்தது அது. உங்கள் மண்டபத்துக்கு வரும் அறுபது வயது அம்மாவுக்கு அந்தப் படியைக் காட்டவே கூடாது. 1972இல் வந்த குவீன்ஸ் கல்லூரிச் சோதனையின் 41.3 செ.மீ படியும் குள்ளமானவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அதிகம். படிப்படியாக வேகத்தைக் கூட்டும் செஸ்டர் சோதனையின் முறைதான் நமக்கு ஏற்றது: நிமிடத்துக்கு 15 ஏற்றத்தில் தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டு போவார்கள், துடிப்பு, வயதுக்குரிய உச்சத்தில் 80 விழுக்காட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குப் படி ஏறும் சோதனை புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விட்வாட்டர்ஸ்ராண்டின் ஆழ்ந்த தங்கச் சுரங்கங்களில் இறங்கப்போகும் தொழிலாளரை வெப்பத்துக்குப் பழக்குவதற்காக, ஈரமும் சூடும் நிறைந்த அறைகளில் தாளத்துக்கு ஏற்பப் பலகையில் ஏறி இறங்க வைத்தார்கள். சி. எச். விண்டம் முதலிய உடலியலாளர்கள் அந்தத் தொழிலாளரின் ஆக்சிஜன் செலவை அளந்து ஆராய்ந்தார்கள். அதில் தொழிலாளரின் நலனைவிட அவரிடமிருந்து கிடைக்கும் உழைப்பின் கணக்கே முன்னால் நின்றது என்பது என் எண்ணம். ஆனாலும், மலிவான பலகையை வைத்துப் பெருந்தொகையான மனிதர்களை ஒழுங்காகச் சோதிக்க முடியும் என்பது இந்த மண்ணிலேயே செய்து காட்டப்பட்ட ஒன்று.

பெட்டியை இரண்டு துண்டாகச் செய்யுங்கள்: ஒன்று 20 செ.மீ உயரம், மற்றது 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றை நகராதபடி முளை வைத்துப் பொருத்தினால் 30 செ.மீ கிடைக்கும், தனித்தனியாக வைத்தால் மற்ற இரண்டு உயரங்களும் கிடைக்கும். அகலம் 60 செ.மீக்கும், பாதம் பதியும் ஆழம் 40 செ.மீக்கும் குறையக் கூடாது. மேலே வழுக்காத ரப்பர் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு உயரத்தை மறுபடியும் அளந்து பெட்டியிலேயே எழுதிவையுங்கள். 20 செ.மீ படியில் ஒரு செ.மீ கூடினால் செங்குத்து வேலையில் ஐந்து விழுக்காடு கூடிவிடும். சுவரோரமாக வைத்து, தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கட்டும். ஆனால் ஏறும்போது அதைப் பிடித்து இழுக்க விடாதீர்கள், இழுத்தால் கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துவிடும். ஒவ்வொரு ஏற்றத்திலும் முழங்கால் முழுதாக நிமிர்கிறதா என்பதைப் பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓர் ஏற்றத்துக்கு நான்கு தட்டு என்ற கணக்கில், 15 ஏற்றத்துக்கு மெட்ரோனோமை 60இல் வைக்க வேண்டும்.

கணக்கு இது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாட்டின்படி, நிமிடத்துக்கு ஏறும் எண்ணிக்கையை 0.2ஆல் பெருக்குங்கள்; அதே எண்ணிக்கையைப் படியின் உயரத்தாலும் (மீட்டரில்) 2.394ஆலும் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி 3.5 சேர்த்தால், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்தில் செலவாகும் ஆக்சிஜன் மில்லிலிட்டரில் வரும். 20 செ.மீ படியில் 15, 20, 25 ஏற்றங்களுக்கு முறையே சுமார் 13.7, 17.1, 20.5. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இந்த மூன்று கட்டங்களிலும் துடிப்பு 105, 120, 135 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் முறையில் அவருடைய உச்சத் துடிப்பு 173. கோட்டை நீட்டினால் அவருடைய உச்ச ஆக்சிஜன் அளவு ஏறத்தாழ 29, அதாவது எட்டு மெட்டுக்குச் சற்று மேல்.

இந்த 29 எவ்வளவு உறுதியானது என்பதுதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. உச்சத் துடிப்பை வயதிலிருந்து கணக்கிடும் எந்தச் சூத்திரமும், மனிதருக்கு மனிதர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசப்படுவதைத் தவிர்க்க முடியாது. அவருடைய உண்மையான உச்சம் 185 என்றால் விடை 32க்கு அருகில் வரும். 161 என்றால் 26தான். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், துடிப்பை நீட்டிக் கணக்கிடும்வரை இந்தத் தளர்வு இருந்தே தீரும். சுவீடனின் ஆஸ்ட்ராண்டும் ரீமிங்கும் 1954இல் கொடுத்த, உலகமெங்கும் இன்றும் பயன்படுகிற சைக்கிள் முறையிலும் 10 முதல் 15 விழுக்காடு பிழை இருக்கிறது. மலிவான கருவியால் வரும் பிழை இதைவிடக் கணிசமாகச் சிறியதாக இருந்தால் போதும். அதற்கு மேல் துல்லியத்துக்குச் செலவழிப்பது வீண்.

சைக்கிளுக்கு வருவோம். படியில் ஏற முடியாத முழங்கால்காரர்களுக்கும், எடை மிகுந்தவர்களுக்கும், இரத்த அழுத்தத்தைச் சோதனையின் நடுவிலேயே பார்க்க வேண்டியவர்களுக்கும் சைக்கிள்தான் வசதி. உடம்பின் எடை இருக்கையில் தங்கிவிடுவதால், 25 வாட் என்ற மிகச் சிறிய சுமையிலிருந்து தொடங்கலாம்.

பெல்ட் உராய்வால் தடுக்கப்படும் சோதனைச் சைக்கிளின் எளிய வடிவத்தை சுவீடனின் ஃபோன் டோபெல்ன் 1954இல் விவரித்தார். அதன் வழித்தோன்றல்தான் ஆய்வகங்களில் காணும் மோனார்க் சைக்கிள். கனமான ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றி ஒரு பெல்ட் ஓடுகிறது. பெல்ட்டின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இழுவிசை வேறுபாடே சக்கரத்தைத் தடுக்கும் விசை. அந்த விசையை விளிம்பு ஓடிய தூரத்தால் பெருக்கினால் வேலை. உங்கள் பட்டறைக்காரர் புரிந்துகொள்ள வேண்டிய முழு இயற்பியலும் இவ்வளவுதான்.

ஃப்ளைவீலைப் புதிதாக வார்க்கவோ கடையவோ வேண்டாம் என்பது என் ஆலோசனை. கோணலின்றி ஒரு கனமான சக்கரத்தைச் சுழலவைப்பதுதான் இந்த வேலையிலேயே செலவு மிகுந்த பகுதி. உடற்பயிற்சிக்கூடங்கள் கழித்துக்கட்டும் பழைய ஸ்பின்னிங் சைக்கிளில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதில் உள்ள பிரேக் கட்டையையும் திருகையும் கழற்றி எறிந்துவிடுங்கள். அந்தத் திருகு எத்தனை முறை சுற்றப்பட்டது என்பதிலிருந்து வாட் கணக்கு எவருக்கும் கிடைக்காது. அதன் இடத்தில் நைலான் பெல்ட் ஒன்றைச் சக்கரத்தின் விளிம்பில் அரைச் சுற்றுக்குக் குறையாமல் படியவிட்டு, ஒரு முனையில் எடைத்தட்டைத் தொங்கவிடுங்கள். மறுமுனையைச் சட்டத்தோடு ஒரு ஸ்பிரிங் தராசு வழியாகக் கட்டுங்கள். தொங்கும் எடையிலிருந்து தராசு காட்டுவதைக் கழித்தால் தடுப்பு விசை. இந்த அமைப்பின் அழகு இதில்தான் இருக்கிறது: பெல்ட் சூடாகி அதன் பிடிமானம் மாறினாலும், வியர்வை சொட்டி விளிம்பு ஈரமானாலும், மாற்றம் தராசில் உடனே தெரிந்துவிடும். உராய்வு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியதில்லை, நேரே படித்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் முள் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், கொஞ்சம் மின்னணுவியல் தெரிந்த இளைஞர் கிடைத்தால், தராசின் இடத்தில், இழுவிசையை மின்சைகையாக மாற்றும் ஒரு லோடு செல்லை வைத்து அர்டுயினோ போன்ற சிறிய மின்னணுப் பலகையோடு இணைத்துச் சில விநாடிகளின் சராசரியைக் காட்டச் சொல்லலாம். பெடல் சுற்றுகளை எண்ண ஒரு காந்தமும், அது கடந்துபோவதை உணரும் ஒரு ஹால் உணரியும் போதும். இவை அனைத்தும் பேட்டரியில் இயங்குபவை. 2023இல் மின்வெட்டு எந்த அளவுக்குப் போனது என்பதை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் வேகமாக நடந்துகொண்டிருக்கும்போது திடீரென நின்றுபோகும் ட்ரெட்மில்லைவிட, மின்சாரமே கேட்காத சக்கரம் பாதுகாப்பானது.

ஒரு பெடல் சுற்றுக்கு விளிம்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை நீங்களே கணக்கிட வேண்டும். விளிம்பின் சுற்றளவு 1.6 மீட்டர், முன்பல்சக்கரத்தில் 52 பல், பின்னதில் 14 பல் என்றால், ஒரு சுற்றுக்கு 5.94 மீட்டர். நிமிடத்துக்கு 50 சுற்றில், ஒரு கிலோ எடைக்குச் சமமான தடுப்புக்கு 48.6 வாட் வரும். 25 வாட்டுக்கு அரைக் கிலோவே போதும் என்பதால், சக்கரத்தின் பேரிங் இறுகலாக இருந்தால் தொடக்கச் சுமையே பொய்யாகிவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றி, அது நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் குறித்துவைத்து, ஒவ்வொரு முகாமுக்கும் முன்பு ஒப்பிட்டுப் பாருங்கள். சங்கிலியிலும் பேரிங்கிலும் இழக்கப்படும் ஆற்றல் பெல்ட்டில் தெரியாது. இத்தகைய சைக்கிள்களில் அது 9 விழுக்காடு வரை போகலாம். சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, ஒரே இறுக்கத்தில் வைத்திருந்தால் அந்த இழப்பு பெரிதாக மாறாமலாவது இருக்கும். லோடு செல்லை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கிலோ எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். முகாம் நாளில் சுழியமும் இரண்டு கிலோவும் பார்த்தால் போதும்.

காந்தத்தால் தடுக்கும் சைக்கிள் உராயாமல் அமைதியாக ஓடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதன் தடுப்பு வேகத்துக்கு ஏற்ப மாறும், தட்டு சூடானாலும் மாறும். முறுக்குவிசையைத் தனியாக அளக்காமல் அதை வாட்டாக மாற்ற முடியாது. கடையில் கிடைக்கும் மலிவான காந்தச் சைக்கிள்களின் திரை காட்டும் வாட், பெரும்பாலும் ஓர் அட்டவணையிலிருந்து எடுத்த மதிப்பீடே.

சைக்கிள் ஓட்டிப் பழகாதவர்களுக்குத் தொடை முதலில் களைத்துவிடும். அவர்களுக்கு உச்ச ஆக்சிஜன் அளவு நடைச் சோதனையில் வருவதைவிடக் குறைவாகவே வரும். ஆகவே பெட்டியில் ஒரு முறையும் சைக்கிளில் ஒரு முறையும் அளந்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

துடிப்பை அளப்பதில் சிக்கனம் வேண்டாம். இதயத்தின் மின்சைகையைப் பிடிக்கும் மார்புப் பட்டையை வாங்குங்கள். தோலில் படும் பகுதியை ஈரப்படுத்தி அணிவிக்க வேண்டும். மணிக்கட்டுக் கடிகாரம் கைப்பிடியை இறுகப் பிடிக்கும்போது தடுமாறும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அசைவைத் தாங்காது. கையால் எண்ணுவதானால் நின்ற உடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவீர்கள். ஒரு துடிப்பு விட்டுப்போனாலே நான்கு குறைந்துவிடும்.

உங்கள் முகாமுக்கு வருபவர்களில் பலர் மருந்து உண்பவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். அட்டெனோலால், பிசோபுரோலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை அடக்கிவைக்கும்; அவர்களுக்கு மேற்சொன்ன கணக்கு தாங்குதிறனை உண்மையைவிட உயர்த்திக் காட்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயால் இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களிடமும் துடிப்பை நம்ப முடியாது. இவர்களைப் பெட்டியிலும் சைக்கிளிலும் ஏற்றாமல், 30 மீட்டர் தூரத்தை அளந்து குறியிட்டு ஆறு நிமிட நடைச் சோதனை செய்யுங்கள். அதற்கு இரண்டு கூம்புகளும் ஒரு நிறுத்துக்கடிகாரமும் போதும்.

மார்புவலி, மயக்கம், அண்மையில் இதயச் சிகிச்சை ஆகியவை உள்ளவர்களையும், அன்று இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருப்பவர்களையும் சோதிக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரையை முதலில் பாருங்கள். "வருடாவருடம் காவடி எடுக்கிறேன், எனக்கென்ன" என்று சொல்லும் மாமாக்களிடம் கேள்வித்தாளைத் தவறாமல் நிரப்பி வாங்குங்கள். விரதமும் வேண்டுதலும் தரும் உறுதி வேறு. இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது வேறு.

இடமும் பருவமும் எண்ணை மாற்றும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில், அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஒருவரின் தாங்குதிறன் குறைந்துவிட்டது போலத் தோன்றும். கோடையில் காலை நேரத்திலேயே, விசிறிக்கு முன்னால், மண்டபத்தின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு சோதியுங்கள். லெனேசியாவிலுள்ள உறவினரோடு எண்ணை ஒப்பிட வேண்டாம். ஜோஹன்னஸ்பர்க் பகுதியின் உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே உச்ச அளவே சற்றுத் தாழ்ந்திருக்கும். அமெரிக்கர்களை அளந்து தயாரித்த வயதுவாரி அட்டவணைகளை வைத்து நம்மவர்களை 'மோசம்' என்று முத்திரை குத்துவதும் எனக்கு உடன்பாடில்லை.

கருவி முடிந்ததும், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பயோகைனெட்டிக்ஸ் துறையை அணுகி, தன்னார்வலர் சிலரை உங்கள் கருவியிலும் அவர்கள் கருவியிலும் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். அப்போது இரண்டு எண்களும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது போதாது. ஒவ்வொருவருக்கும் எத்தனை மில்லிலிட்டர் வித்தியாசம் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் காட்டிய வழி அதற்கு உரியது. உங்கள் மண்டபத்துக்குள் பயன்படுத்துவதோடு நிற்காமல் மற்றவர்களுக்கு மருத்துவக் கருவி என்று விற்க எண்ணினால், மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் சாப்ரா அமைப்பின் விதிகள் குறுக்கே வரும். அந்த எண்ணம் இருந்தால் வரைபடம் போடும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சோதனைச் சீட்டில் '29' என்று மட்டும் எழுதிக் கொடுக்காமல் '26 முதல் 32 வரை' என்று எழுதுங்கள். மூன்று கட்டங்களின் துடிப்பையும் அதன் கீழே குறியுங்கள். மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்துவிட்டு வருபவருக்குக் கணக்கு 30 என்று வந்தால், அது முன்னேற்றமா தற்செயலா என்று சொல்ல முடியாது. ஆனால் அதே பெட்டியில், அதே 25 ஏற்றத்தில், அதே மாத்திரைகளோடு, முன்பு 135ஆக இருந்த துடிப்பு இப்போது 123ஆக இறங்கியிருந்தால், உச்சத் துடிப்பைப் பற்றிய எந்த ஊகமும் இல்லாமலே அவருடைய இதயம் அதே வேலையை எளிதாகச் செய்கிறது என்று எழுதிக் கொடுக்கலாம்.